கான்சாபுரத்து வீட்டுக்கு ஒரு தட்டை டி.வி. - ஒரு சிறு வரலாறு

வத்திராயிருப்பு வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கான்சாபுரம். நெல்லும் தென்னையும் விளையும் ஊர். பக்கத்தில் கூமாபட்டி, அதைத் தாண்டினால் பிளவக்கல் அணை. மருதநாயகம் என்று சினிமாக்காரர்களால் பிரபலமான கான்சாகிப்பின் பெயரைத்தான் ஊர் சுமக்கிறது என்பார்கள். 1764 ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட அந்தத் தளபதியின் பெயருள்ள ஊருக்கும் டி.வி. பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லை! ஆனால் இந்த மாதிரி ஒரு ஊரில் நின்று பார்த்தால்தான் தமிழ்நாட்டில் டி.வி. வந்த கதை சரியாகப் புரியும். சென்னையில் நின்று பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

"பதினைந்தாயிரத்துக்குள் ஒரு டி.வி. வாங்கணும், எது நல்லது?" என்பது இன்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு கடையில் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும் கேள்வி மாதிரித் தெரிகிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஒன்றிரண்டு மாதக் கூலி. தவறாக வாங்கிவிட்டால் அடுத்த ஏழெட்டு வருடம் அதையேதான் பார்த்தாக வேண்டும். இந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் ஐம்பது வருடமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். ஒவ்வொரு காலத்திலும் பதில் மாறியிருக்கிறது. எதனால் மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

படம் வராத காலம்

இந்தியாவில் டி.வி. 1959 செப்டம்பர் 15 ல் டெல்லியில் சோதனை முறையில் ஆரம்பித்தது. தினசரி ஒளிபரப்பு 1965 ல்தான். பம்பாய்க்கு 1972 ல் வந்தது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 ல் வந்தது. அதே வருடம் செயற்கைக்கோள் மூலம் 2,400 கிராமங்களுக்குப் படம் காட்டும் "சைட்" என்ற பெரிய சோதனை நடந்தது. ஆந்திரா, பீகார், கர்நாடகா, மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் என்று ஆறு மாநிலங்களுக்கு அது போனது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே, சென்னைவாசிகள் "ஒலியும் ஒளியும்" பார்க்கத் தொடங்கிய காலத்தில் தென்மாவட்டத்தில் ஒருவர் டி.வி. வாங்கியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? வெறும் புள்ளிகள்! பணம் இருந்தும் பிரயோஜனமில்லை. டி.வி.யை எடைபோடும் முதல் பாடம் இங்கேயே வந்துவிடுகிறது. பெட்டி எவ்வளவு நல்லது என்பது இரண்டாவது கேள்வி. அதற்குள் என்ன வந்து சேரும் என்பதுதான் முதல் கேள்வி.

1982 பிப்ரவரி 15 ல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தது. தென்மாவட்டங்களில் உயரமான ஆண்டெனா நட்டவர்களுக்குச் சென்னைக்கு முன்னால் கொழும்பு தெரிந்தது! காற்று சரியாக இருந்தால் தெளிவாக வரும், மழை பெய்தால் போய்விடும். ஆண்டெனாவைத் திருப்ப ஒருவர் மொட்டை மாடியில், "வந்திருச்சு... போயிருச்சு..." என்று கத்த ஒருவர் கீழே. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் காட்சி நினைவிருக்கும்.

அதே 1982 ஆகஸ்ட் 15 ல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதை ஒட்டி வண்ணப் பெட்டிகளை இறக்குமதி செய்ய அரசு வழிவிட்டது. 1984 ல் நாடெங்கும் சிறு ஒளிபரப்புக் கோபுரங்கள் வேகமாக நடப்பட்டன. அவற்றில் பெரும்பாலும் டெல்லியின் இந்தி நிகழ்ச்சிதான் வரும். 1980 களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் சக்திவாய்ந்த ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் தென்மாவட்ட வீடுகளில் தமிழ் நிகழ்ச்சி ஒழுங்காகத் தெரிந்தது.

ஒரு பெட்டி, ஒரு தெரு

அந்தக் காலத்துப் பெட்டிகளின் பெயர்களைச் சொன்னாலே பெரியவர்கள் சிரிப்பார்கள். சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா. கேரள அரசின் கெல்ட்ரான். ஹைதராபாத்திலிருந்து ஈ.சி. டி.வி. மரப்பெட்டி, இருபக்கமும் இழுத்து மூடும் கதவு, அதற்குப் பூட்டு வேறு. வானொலிக்கும் டி.வி.க்கும் தபால் ஆபீசில் கட்டணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 1980 களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. கருப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் நீல நிறக் கண்ணாடித் தாளை மாட்டி "கலர்" என்று திருப்திப்பட்ட வீடுகளும் உண்டு.

ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிய விஷயம். பஞ்சாயத்து டி.வி. அறையிலும், வசதியான ஒரு வீட்டின் திண்ணையிலும் ஊரே கூடும். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலை "ராமாயணம்" ஓடியபோது மொழி புரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள்.

ஆனால் இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. அடுத்த வீட்டுத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் ஒரே மாதிரி கிடைக்காது. யார் உள்ளே உட்காரலாம், யார் வாசலில் நிற்க வேண்டும், யார் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்பதில் சாதி இருந்தது, காசு இருந்தது. வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் கதவு சாத்தப்படும். பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்புவார்கள். "நம்ம வீட்டுக்குன்னு ஒரு டி.வி." என்பதை ஆடம்பர ஆசை என்று மட்டும் நினைத்தால் பின்னால் வந்த வரலாறு புரியாது. பிறர் வாசலில் நிற்காமல் இருக்க வேண்டும் என்ற மானமும் அதில் கலந்திருந்தது.

கேபிளும் முதல் "பிளாட்"டும்

1991 க்குப் பிறகு கதவுகள் திறந்தன. 1993 ஏப்ரல் 14 ல் சன் டி.வி. ஆரம்பித்தது. ஊரில் ஒருவர் பெரிய டிஷ் வைத்து, தென்னை மரத்துக்கு மரம் வயர் இழுத்து, வீட்டுக்கு வீடு கேபிள் கொடுத்தார். ஆண்டெனாக்கள் காக்கை உட்காரும் கம்பிகளாக மாறின. 1995 ல் சாம்சங்கும் 1997 ல் எல்.ஜி.யும் இந்தியாவில் கடை விரித்தன. ஒனிடா, வீடியோகான், பி.பி.எல். முதலிய உள்நாட்டுக் கம்பெனிகளுடன் போட்டி பலத்தது.

இந்தச் சமயத்தில்தான் "பிளாட் டி.வி." என்ற சொல் தமிழுக்கு வந்தது. இன்றைய இளைஞர்கள் நினைப்பது மாதிரி அது சுவரில் மாட்டும் டி.வி. அல்ல. பழைய பிக்சர் டியூப்பின் முகம் வெளியே உப்பியிருக்கும். ஓரத்தில் வரும் எழுத்து வளையும், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண் கூசும். அந்த முகத்தை மட்டும் தட்டையாகச் செய்து விற்றதுதான் முதல் "பிளாட்". முன்னால் பார்த்தால் தட்டை, பின்னால் பார்த்தால் அதே பெரிய முதுகு! 21 அங்குல பிளாட் டி.வி. ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பதினான்கு அங்குலம்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 வீடுகளில் 39 அல்லது 40 வீடுகளில்தான் டி.வி. இருந்தது. அதாவது கேபிள் புரட்சி எல்லாம் நடந்த பிறகும் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் அடுத்த வீட்டையே நம்பியிருந்தன.

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில், வண்ணத் தொலைக்காட்சி இல்லாத குடும்பங்களுக்கு அதை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. ஆட்சிக்கு வந்ததும் அந்த வருடம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் வழங்கத் தொடங்கியது. முதல் பட்ஜெட்டில் 750 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கொள்முதல் பொறுப்பு அரசு நிறுவனமான எல்காட்டுக்கு. முதல் கட்டமாகச் சுமார் 30,000 பெட்டிகளுக்கான ஆர்டர் வீடியோகானுக்குப் போனது. 2011 க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வாங்கப்பட்டன. உலகத்தில் எந்த அரசாங்கமாவது இவ்வளவு டி.வி.யை வாங்கி வீடு வீடாகக் கொடுத்திருக்குமா என்பது சந்தேகமே.

ரேஷன் கார்டைக் காட்டி, வரிசையில் நின்று, அட்டைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வீடு திரும்பிய காட்சி அந்த வருடங்களில் எல்லாக் கிராமத்திலும் உண்டு. மக்கள் அதற்கு வைத்த பெயர் "கலைஞர் டி.வி." 2007 செப்டம்பரில் அதே பெயரில் ஒரு சேனலும் வந்தபோது, "கலைஞர் டி.வி.யில கலைஞர் டி.வி. தெரியல" என்று சொல்வது வேடிக்கையாக இருந்தது.

பெட்டி 14 அங்குலம். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. ஆகவே படத்தின் அகலம் 28 சென்டிமீட்டர், உயரம் 21 சென்டிமீட்டர்தான். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை விரித்த அளவுகூட இல்லை. ஆனால் அரசு வீடுகளும் ஓட்டு வீடுகளும் பத்தடிக்குப் பத்தடி இருக்கும் ஊரில் அதைப் பார்க்க முடிந்தது. மின்சாரமும் 50 வாட் அளவில்தான் எடுத்தது.

இலவசத்தின் கணக்கு

இந்தத் திட்டத்தைத் திட்டியவர்கள் நிறையப் பேர். சோறும் பள்ளிக்கூடமும் கேட்கும் நாட்டில் டி.வி.யா என்றார்கள். இலவசப் பெட்டியால் கேபிள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் லாபம், அவர்களில் முதன்மையானவர்கள் ஆளும் குடும்பத்தின் உறவினர்கள் என்று எதிர்க்கட்சிகள் சொல்லின. சிலர் வாங்கிய பெட்டியை விற்றுவிட்டார்கள் என்றும் செய்திகள் வந்தன.

விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5 ல் தீர்ப்புச் சொன்னது. கிராமப்புறப் பெண்களுக்குப் பொழுதுபோக்கும் பொது அறிவும் கிடைக்கவே இத்திட்டம் என்பது அரசின் வாதம். தேர்தல் அறிக்கையில் சொல்லும் வாக்குறுதி சட்டப்படி "ஊழல் நடவடிக்கை" ஆகாது என்று நீதிபதிகள் சதாசிவம், ரஞ்சன் கோகோய் கூறினார்கள். அதே சமயம் தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்குச் சொன்னார்கள். 2022 ஆகஸ்டில் அந்தத் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு விஷயம் அனுப்பப்பட்டது. இன்று இந்தியா முழுவதும் நடக்கும் "இலவசம்" பற்றிய வாக்குவாதத்துக்கு மூலப் பத்திரம் நம் 14 அங்குலப் பெட்டிதான்!

பெண்களுக்குப் பயன் என்ற வாதம் வெறும் சமாளிப்பா? ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2009 ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தத் திட்டத்துக்கு முந்தைய 2001 - 2003 காலத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து பகுதிகளில் கேபிள் வந்த கிராமங்களை வராத கிராமங்களுடன் ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த இடங்களில், கணவன் அடிப்பது சரியே என்று நினைக்கும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற எண்ணமும் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் பேச்சு எடுபட்டது. அழுகை சீரியல் என்று நாம் கேலி செய்யும் பெட்டி இப்படியும் ஒரு வேலை செய்திருக்கிறது. இதற்காக எல்லா சீரியலும் நல்லது என்று அர்த்தமில்லை. வேறு விதமாக வாழும் பெண்களைத் திரையில் பார்ப்பதே ஒரு படிப்பு என்றுதான் அர்த்தம்.

ஆனால் குடும்பத்தின் கணக்கு வேறு. அரசுக்கு ஒரு பெட்டி இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைத்தது. குடும்பத்துக்கு இலவசம். கேபிள் இலவசம் அல்ல. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா அரசு டி.வி. திட்டத்தை நிறுத்தி, அதற்குப் பதில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. மீதியிருந்த டி.வி.க்கள் பள்ளி, அங்கன்வாடி முதலிய இடங்களுக்குப் போயின. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்தக் குறைந்த கட்டணத்தையே எடுத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 840 ரூபாய். மூன்றே வருடத்தில் 2,520 ரூபாய். பெட்டியின் விலையைக் கேபிள் விழுங்கிவிட்டது! மலிவான டி.வி. எது என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது விலையை மறந்துவிடுகிறார்கள்.

எது எப்படியோ, 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 க்கு 87 வீடுகளில் டி.வி. இருந்தது. இந்திய சராசரி 47 தான். பத்து வருடத்தில் அடுத்த வீட்டுத் திண்ணை காலியாகிவிட்டது.

தட்டை எப்படி மலிந்தது

நம் ஊரில் 14 அங்குலப் பெட்டியை விநியோகம் செய்துகொண்டிருந்த அதே வருடங்களில் உலகம் பிக்சர் டியூப்பைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. திரவப் படிகத் திரையை, அதாவது எல்.சி.டி.யை, 1968 ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹெயில்மெயர் குழுவினர் உலகுக்குக் காட்டினார்கள். ஆனால் அதை டி.வி.யாக வளர்த்தது ஜப்பான். ஷார்ப் நிறுவனம் 1973 ல் கால்குலேட்டரில் அதை வைத்தது. 1988 ல் வண்ண எல்.சி.டி. திரை ஒன்றைச் செய்து காட்டியது. அதன் அளவும் 14 அங்குலம்தான் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை!

2008 வாக்கில் உலகச் சந்தையில் எல்.சி.டி., பிக்சர் டியூப்பை முந்தியது. அப்போது இந்தியாவில் 32 அங்குல எல்.சி.டி. நாற்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. கிராமத்தில் அதை முதலில் பார்த்தது பெரும்பாலும் வெளிநாட்டுச் சம்பளம் வரும் வீடுகளில்தான். சிங்கப்பூர், துபாய் போனவர்கள் திரும்பும்போது தட்டை டி.வி.யை லக்கேஜாகக் கொண்டு வந்தார்கள். 2013 ஆகஸ்ட் 26 முதல் அப்படிக் கொண்டுவரும் டி.வி.க்கு 35 சதவீதச் சுங்க வரி விதிக்கப்பட்டதும் அந்த வழி அடைபட்டது.

விலை குறைந்ததற்குக் காரணம் கண்ணாடி. பெரிய தொழிற்சாலைகளில் ஒரே பெரிய கண்ணாடித் தகட்டில் பல திரைகளை ஒன்றாக உருவாக்கி வெட்டி எடுக்கிறார்கள். தகடு பெரிதாக ஆக, ஒரு திரைக்கு ஆகும் செலவு குறையும். சீனா இதில் பெரும் பணத்தைக் கொட்டியது. பிறகு திரைக்குப் பின்னால் இருந்த குழல் விளக்குகளுக்குப் பதில் எல்.இ.டி. வந்தது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 ல் நோபல் பரிசு கிடைத்தது. கடையில் "எல்.சி.டி. பழசு, எல்.இ.டி. புதுசு" என்பார்கள். சாதாரண எல்.இ.டி. டி.வி.யும் எல்.சி.டி.தான், பின்விளக்கு மட்டும்தான் வேறு.

2018 மார்ச்சில் ஷியோமி 32 அங்குல டி.வி.யை 13,999 ரூபாய்க்கு இறக்கியது. பழைய கம்பெனிகள் ஆடிப்போயின. முதல் இலவசப் பெட்டிகளைச் செய்துகொடுத்த வீடியோகான் அதே 2018 ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 224 ரூபாய். அதன்படி அந்த டி.வி. 62 நாள் கூலி. 2025 ல் கூலி 336 ரூபாய். சாதாரண 32 அங்குல டி.வி. பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைத்தது. அதாவது 30 முதல் 36 நாள் கூலி. ஏழு வருடத்தில் பாதி!

ஏன் எல்லோரும் 32 அங்குலமே வாங்கினார்கள் என்பதற்கு வரியும் ஒரு காரணம். 2019 ஜனவரி 1 முதல் 32 அங்குலம் வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைகளுக்கும் 18 சதவீதம் ஆகிவிட்டது. ஆகவே "32 தான் லாபம்" என்ற பழைய பேச்சில் பாதிக் காரணம் போய்விட்டது.

டி.வி. பள்ளிக்கூடமான வருடம்

2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியை ஆரம்பித்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2020 ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூலை முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் டி.வி.யில் வந்தது. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளில் அந்தப் பெட்டிதான் வாத்தியார்.

அப்போது பல வீடுகளில் இருந்தது அந்தப் பழைய 14 அங்குலப் பெட்டிதான். 21 சென்டிமீட்டர் உயரத்தில் கணக்குப் பாடத்தின் பின்னங்களை எட்டடி தூரத்திலிருந்து படிக்க முடியுமா? பிள்ளைகள் திரைக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்தார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று வகுப்புக்கு மூன்று நேரம். இடையில் பாட்டிக்கு சீரியல். ஆனாலும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆடம்பரம் என்று திட்டப்பட்ட அந்தப் பெட்டி அங்கே இல்லாமலிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பதினான்கு வருடத்துக்கு முன் கொடுத்தபோது யாரும் நினைக்காத பயன் இது.

எடைபோடுவது எப்படி?

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், ஒரு கான்சாபுரத்து வீடு தட்டை டி.வி. வாங்கும்போது பார்க்க வேண்டியவை தாமே தெரிகின்றன.

முதலாவது, உள்ளே வருவது என்ன? ஆண்டெனா ஒளிபரப்பு 2022 வாக்கில் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது. கேபிள் செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைத்தால் பழைய தரத்தில்தான் படம் வரும். அதற்கு எத்தனை பெரிய திரை வாங்கினாலும் முகம் மங்கலாகவே தெரியும். எச்.டி. பாக்ஸ் இல்லாத வீட்டுக்கு 4கே திரை என்பது மாட்டு வண்டிப் பாதையில் கார் ஓட்டுவது மாதிரி.

இரண்டாவது, எங்கே உட்காருகிறார்கள்? 32 அங்குலத் திரையின் அகலம் 71 சென்டிமீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர். பரப்பில் பழைய 14 அங்குலத்தைப் போல நாலரை மடங்குக்கு மேல். ஆறேழு அடி தூரத்துக்கு அது போதும். எட்டடிக்கு மேல் அறை இருந்தால் 43 பற்றி யோசிக்கலாம். நம் வீடுகளில் எல்லோரும் தரையில், சுவரோரமாக, பக்கவாட்டில்கூட உட்காருவார்கள். மலிவான சில திரைகளில் பக்கத்திலிருந்தோ கீழேயிருந்தோ பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஆகவே கடையில் நேராக நின்று பார்க்காமல், ஓரமாகப் போயும், குனிந்தும் பார்க்க வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்! வீட்டிலும் ஆணி அடிக்கும்போது சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டக்கூடாது.

மூன்றாவது, சத்தம். பழைய பெட்டியின் பெரிய வயிறு ஸ்பீக்கருக்கு இடம் கொடுத்தது. தட்டை டி.வி.யில் ஸ்பீக்கர் ஒல்லியாகக் கீழே பார்த்திருக்கும். வயதானவர்களுக்குப் பேச்சு புரியாது. படம் போலவே சத்தத்தையும் கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது, ரிப்பேர். பிக்சர் டியூப் காலத்தில் பக்கத்து ஊர் மெக்கானிக் எதையும் சரி செய்வார். தட்டை டி.வி.யில் பின்விளக்கு போனால் சரி செய்யலாம், செலவு தாங்கும். திரை உடைந்தால் புது டி.வி.யின் விலையே ஆகிவிடும். பிள்ளைகள் பந்து விளையாடும் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. பெயர் தெரியாத பிராண்டில் இரண்டாயிரம் மிச்சம் பிடிப்பதைவிட, ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சர்வீஸ் கிடைக்கும் பிராண்டை வாங்குவதே மேல். ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு மலையடிவார ஊர்களில் பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுவது எந்த வாரண்டியையும்விட நல்ல பாதுகாப்பு.

ஐந்தாவது, மாதச் செலவு. மின்சாரத்தில் ஆச்சரியமான செய்தி உண்டு. 32 அங்குல எல்.இ.டி.யும் பழைய 14 அங்குலப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே 50 வாட்தான். தினம் ஐந்து மணி நேரம் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். ஆனால் கேபிள் கட்டணம் மாறிவிட்டது. 2019 பிப்ரவரியில் வந்த புதிய முறையில் அடிப்படைக் கட்டணமே வரியோடு 153 ரூபாய் 40 காசாக இருந்தது. வருடத்துக்கு 1,840 ரூபாய். இதற்கு மேல் ஸ்மார்ட் டி.வி. என்றால் இணையச் செலவு தனி. மாதச் செலவே வேண்டாம் என்பவர்களுக்கு 2004 முதல் இருக்கும் தூர்தர்ஷனின் இலவச டிஷ் ஒரு வழி. ஆனால் தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு.

பரணில் இருக்கும் பெட்டி

புது டி.வி. சுவருக்கு வந்ததும் பழைய 14 அங்குலம் பரணுக்குப் போகிறது. அரசு முத்திரையோடு தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டியை பழைய இரும்புக்காரர் ஐம்பது, நூறுக்கு எடுத்துக்கொள்வார். பலருக்குத் தெரியாத ஒன்று, அதன் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது. ஓடைக்கரையில் போட்டு உடைத்தால் அந்த ஈயம் மண்ணுக்குத்தான் போகும். மின்கழிவு விதிகள் 2012 மே முதல் அமலில் இருக்கின்றன. ஆனால் ஒன்றரைக் கோடிப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த அளவுக்கு, அவற்றைத் திரும்ப வாங்க ஒரு வண்டியும் தெருவுக்கு வரவில்லை. நெல் வயலும் வாய்க்காலும் உள்ள ஊர்களுக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஐம்பது வருடத்தில் டி.வி. திண்ணையிலிருந்து வீட்டுக்குள் வந்தது, வீட்டுக்குள்ளிருந்து சுவருக்குப் போனது. எடை குறைந்தது, விலை குறைந்தது, படம் பெரிதானது. ஆனால் முதன்முதலில் ஆண்டெனாவைத் திருப்பியவர் கீழே பார்த்துக் கேட்ட கேள்வி இன்னும் மாறவில்லை. "தெரியுதா?" என்றுதான் அவர் கேட்டார். கடைக்குப் போகும் குடும்பமும் அதையே கேட்டால் போதும். சுவரோரம் உட்காரும் பாட்டிக்குத் தெரியுதா? எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குத் தெரியுதா? மாதக் கடைசியிலும் தெரியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், அந்த விலைக்கு அதுதான் நல்ல டி.வி.